ஞானத்தந்தை நம் உறவினரா? ரீயூனியன் தீவின் பழைய பதிவேடுகளை வாசிக்கும் முறை

கேள்வி: எங்கள் முன்னோர் ஒரு கிளையினர் இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் இருந்தவர்கள். ஒரு மூதாதையின் 1788 ஞானஸ்நானப் பதிவும் 1816 திருமணப் பதிவும் இணையத்தில் கிடைத்தன. ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்று நின்ற ஞானத்தந்தை, ஞானத்தாய், திருமணத்தின் நான்கு சாட்சிகள் என ஆறு பெயர்கள் உள்ளன. இவர்களை உறவினராகக் குடும்ப மரத்தில் சேர்க்கலாமா?

பதில்: இப்போதே சேர்க்காதீர்கள். ஆனால் ஒரு பெயரையும் விட்டுவிடவும் வேண்டாம். ஆறையும் தனித்தாளில் எழுதி வையுங்கள்.

முதலில் திருமணப் பதிவைப் பாருங்கள், அது சுலபம். 1804-இன் நெப்போலியன் சிவில் சட்டப்படி சாட்சியின் வயது, தொழில், ஊர் எல்லாம் எழுத வேண்டியிருந்தது. மணமக்களுக்கு உறவா, யார் பக்கம், எந்த முறை என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. பெயருக்குப் பின்னால் வரும் அந்த அரை வரியைப் பலர் படிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். ஒன்று, அந்தச் சட்டத்தில் 1897 வரை பெண்கள் சாட்சியாக முடியாது. அத்தை, சித்தி, பாட்டியை அங்கே தேடிப் பயனில்லை.

அவர்கள் தென்படும் இடம் ஞானஸ்நானப் பதிவு. 1563-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் ஞானப்பெற்றோரை ஓர் ஆண், ஒரு பெண் என்ற அளவோடு நிறுத்தியது. ஞானத்தந்தைக்கும் குழந்தைக்கும், ஏன், குழந்தையின் தாய்க்கும்கூட அப்போது திருமணத் தடை இருந்தது. விதிவிலக்கு வாங்கினால்தான் கட்ட முடிந்தது. சின்னத் தீவில் பெண் கொடுக்க இருந்ததே சில குடும்பங்கள்தான். அப்படியிருக்க, திருச்சபை விதிப்படி ஏற்கெனவே மணமுறை இல்லாத மாமனையோ அத்தையையோ ஞானப்பெற்றோராக நிறுத்தினால் புதிதாக எந்த வாசலும் அடைபடாது. அதனால் நெருங்கிய உறவாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது என் கருத்து. ஆனாலும் அது சான்றாகாது.

சரி, எப்படி உறுதி செய்வது? அந்தத் தம்பதியின் எல்லாப் பிள்ளைகளுடைய ஞானஸ்நானத்தையும் எடுங்கள். பிரெஞ்சுப் பதிவுகளில் மணமான பெண்ணும் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் வருவாள். ஞானத்தாயின் குடும்பப்பெயர் குழந்தையின் தந்தையுடையதே என்றால் அவள் அத்தையாக இருக்கலாம். தாயின் கன்னிப்பெயர் என்றால் பெரியம்மாவோ சித்தியோ. அப்புறம், முன்னும் பின்னும் பத்துப் பக்கம் புரட்டுங்கள். அதே கையெழுத்து யார் வீட்டுப் பதிவிலும் அடியில் வந்துகொண்டே இருந்தால் அவர் பெரும்பாலும் கோயில் பணியாளர், உங்கள் உறவு அல்ல.

உங்கள் மூதாதை அடிமையாக இருந்திருந்தால் இன்னும் நிதானமாகப் படியுங்கள். சோழமண்டலக் கரையிலிருந்தும் ஆட்களை அடிமைகளாக அங்கே கொண்டுபோயிருக்கிறார்கள். அந்தப் பதிவுகளில் குழந்தைக்கு ஒற்றைப் பெயர், தாய்க்கு ஒற்றைப் பெயர், பக்கத்தில் எசமானின் முழுப்பெயர். தந்தையின் இடம் பெரும்பாலும் காலி. படிக்கும்போது மனசு கனத்துப்போகும். 1848 டிசம்பர் 20-இல் வந்த விடுதலையை ஒட்டித்தான் அவர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் கிடைத்தது. அதற்கு முன், இவர்களுக்கென்று ஒரு சொந்தம் இருந்தது என்பதற்கு அந்த ஞானத்தந்தையின் ஒற்றைப் பெயரே ஒரே தடயமாக இருக்கலாம். அவருடைய எசமான் யார் என்றும் குறித்துக்கொள்ளுங்கள்; ஒரே தோட்டமா, பக்கத்துத் தோட்டமா என்று பிடித்துவிடலாம்.

எழுத்து அழிந்திருந்தால் சோர்ந்துவிட வேண்டாம். 1776 அரசாணைப்படி காலனிப் பதிவேடுகளுக்குப் பிரான்சுக்கென ஒரு நகல் எடுத்தார்கள். அது இப்போது எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரின் கடல்கடந்த ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. தீவில் கரையான் அரித்த பெயர் அங்கே முழுசாக இருக்கலாம்.