காசநோய்க்கு மட்டும் ஏன் ஆறு மாதம்?

கேள்வி: எனக்குச் சிறுநீர்த் தொற்று வந்தபோது ஐந்து நாள் மாத்திரையில் சரியாகிவிட்டது. தம்பிக்கோ நுரையீரல் காசநோய், ஆறு மாதம் சாப்பிடச் சொல்கிறார்கள். இரண்டு மாதத்திலேயே இருமல் நின்றுவிட்டதே, நிறுத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து நிறுத்த விடாதீர்கள். உங்களுக்கு வந்தது பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியாவின் வேலையாக இருக்கும். வசதியான சூழலில் அது 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும், அப்படி வேகமாகப் பெருகும் கிருமியைத்தான் மருந்து சுலபமாகப் பிடிக்கும். 1882-இல் ராபர்ட் காக் கண்டுசொன்ன காசநோய்க் கிருமி ஒருமுறை பிரியவே கிட்டத்தட்ட 20 மணி நேரம் ஆகும். மெழுகு பூசியதுபோல் தடித்த உறை வேறு. அதிலும் சில, நுரையீரலுக்குள் அசையாமல் தூங்கிக்கொண்டிருக்கும். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் சேர்ந்து சுறுசுறுப்பான கூட்டத்தைக் கொன்றதால்தான் இருமல் நின்றிருக்கிறது. மீதி நான்கு மாதம் அந்தத் தூங்குகிறவற்றுக்கு. இப்போது விட்டால் அவை எழுந்துவரும், மருந்துக்கு மசியாத கிருமியாகவும் மாறலாம், பிறகு சிகிச்சை இன்னும் கடினம்.

அப்புறம், சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறதே என்று தம்பி பயந்தால், அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம்தான். கண் மஞ்சளானாலோ பார்வை மங்கினாலோ உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.