மெந்தாவாய் மக்களின் காட்டு வாழ்க்கை: நீங்கள் கேட்டதும் என் பதில்களும்

மெந்தாவாய் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன், நிறையவே வந்திருக்கின்றன. இடம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: இந்தோனேசியாவில், சுமத்ராவின் மேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கடலைத் தாண்டி இருக்கும் தீவுக் கூட்டம். சிபெருத், சிபோரா, வட பகாய், தென் பகாய் ஆகியவை பெரிய தீவுகள். நான் தங்கிப் பழகியது சிபெருத்தின் உள்காட்டில், ரெரெய்கெத் ஆற்றுப் பக்கம். ஆற்றுக்கு ஆறு வழக்கம் மாறும் என்பதால், நான் சொல்வதை அந்தப் பக்கத்து வழக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

செல்வி: அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் அண்ணா? கோயில் மாதிரி ஏதாவது உண்டா?

கோயில் கிடையாது, சிலை கிடையாது, வேத நூலும் கிடையாது. அவர்களுடைய நெறிக்கு அராட் சபுலுங்கான் என்று பெயர். மனிதர், பன்றி, மரம், ஆறு, வானவில், ஏன், வீட்டுச் சட்டிபானை வரைக்கும் எல்லாவற்றுக்கும் உயிர் உண்டு என்பது அதன் அடிப்படை. காட்டில் இருக்கும் ஆவிகளைத் தாய்க்கலெலெயு என்பார்கள், வானத்தில் இருப்பவர்கள் தாய்க்கமனுவா. கடலுக்கும் அப்படியே தனியாக உண்டு. இவர்களுக்கும் மனிதர்களுக்கும் நடுவில் தூது போவது இலைகள். எந்தச் சடங்கைப் பார்த்தாலும் குறிப்பிட்ட சில இலைகள் கையில் இருக்கும், ஒவ்வொன்றிடமும் ஒரு வேலையைச் சொல்லி ஒப்படைப்பார்கள்.

இதை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டால் விஷயமே புரியாமல் போய்விடும். படகு செய்ய ஒரு பெரிய மரத்தை வெட்ட வேண்டும் என்றால் கோடரியைத் தூக்கிக்கொண்டு நேரே போய்விட முடியாது. முதலில் சடங்கு, அந்த இடத்து ஆவிகளிடம் இன்னதற்காக எடுக்கிறோம் என்று சொல்லி, அவர்களுக்குரியதைக் கொடுத்துவிட்டுத்தான் வெட்டு விழும். வேலை நடக்கும் நாட்களில் வீட்டில் இன்ன இன்ன செய்யக்கூடாது என்ற விலக்குகளும் உண்டு. வேலை தனி, சாமி தனி என்ற பிரிவே அங்கே இல்லை.

ரஃபீக்: சிகெரெய் என்பவர் மந்திரவாதியா, பேய் ஓட்டுபவரா?

இரண்டும் இல்லை. வைத்தியர் என்பது ஓரளவு பொருந்தும், ஆனால் போதாது. ஒருவருடைய உயிருக்கு அவர்கள் மொழியில் சிமகெரே. அது உடம்புக்குள்ளேயே அடைந்து கிடப்பதில்லை, வெளியே அலையும், அதற்கு அலுப்பும் வரும், பயமும் வரும். அது வெகுநேரம் திரும்பாவிட்டால் ஆள் நோயில் விழுவார், போன இடத்தில் முன்னோர்களோடே தங்கிவிட்டால் சாவு. ஆகவே சிகெரெயின் முக்கியமான வேலை அந்த உயிரை நயமாகப் பேசிக் கூப்பிடுவது. அவர் அதை மிரட்டுவதே இல்லை, கவனித்துப் பார்த்தால் தெரியும். இடுப்பில் மஞ்சள் பூசி, தலையில் பூவும் கழுத்தில் மணிகளுமாக, சின்ன மணியை ஆட்டிக்கொண்டே பாடுவார். உனக்குப் பிடித்த சாப்பாடு இங்கே இருக்கிறது, பூ இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், வா வா என்று கெஞ்சுகிற பாட்டு அது. உயிருக்கு அழகு பிடிக்கும், அழகில்லாத உடம்பிலும் வீட்டிலும் அது தங்காது என்பதால்தான் அங்கே ஆண்களும் பூ வைக்கிறார்கள்.

அதோடு மூலிகையும் உண்டு, அது விளையாட்டில்லை. எந்த இலையை எந்த இடத்தில், எந்த நேரத்தில் பறிப்பது, எதோடு அரைப்பது என்று ஒரு மூத்த சிகெரெயிடம் நீண்ட காலம் படித்துத்தான் வர வேண்டும். கடைசியில் பட்டம் ஏற்கும் சடங்குக்குப் பன்றிகள் பல வேண்டும், ஆகவே செலவும் அதிகம். ஆனபிறகும் அவர் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் இல்லை, எல்லோரையும் போலப் பன்றி வளர்ப்பார், உணவு மாவு தரும் சேகோ மரம் வெட்டுவார். வைத்தியத்துக்குக் கூலி என்றால் இறைச்சியில் ஒரு பங்கு, கோழி, அந்த மாதிரி. உணவிலும் தாம்பத்தியத்திலும் அவருக்கு விலக்குகள் ஏராளம், மனைவியும் சேர்ந்துதான் கடைப்பிடிக்க வேண்டும்.

தினேஷ்: உயிர் இருக்கிறது என்கிறீர்கள், ஆனால் குரங்கை வேட்டையாடிச் சாப்பிடுகிறார்களே, முரணாக இல்லையா?

நல்ல கேள்வி, நானும் இதை அங்கே கேட்டேன். உயிர் இல்லாததைக் கொல்வதற்கு யாரிடமும் பதில் சொல்ல வேண்டியதில்லை, உயிர் இருப்பதால்தான் இத்தனை சடங்கும். வேட்டைக்குப் போகும்முன் கோழியின் குடலைப் பார்த்துக் குறி கேட்பார்கள். அம்பு முனையில் தடவும் நஞ்சை வேரையும் இலையையும் மிளகாயையும் இடித்துப் பிழிந்து எடுப்பார்கள். கொன்ற விலங்கின் மண்டையோட்டைக் கழுவி, அலங்கரித்து, உமா என்கிற குல வீட்டின் உத்தரத்தில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். பார்க்கிற நமக்கு வெற்றிச் சின்னம் போலத் தோன்றும். அவர்களுக்கோ அது மரியாதை: இந்த வீட்டில் நம்மை நன்றாக வைத்துக்கொள்கிறார்கள் என்று காட்டிலிருக்கும் தன் இனத்தாரிடம் அது சொல்ல வேண்டும். இறைச்சியை உமாவில் உள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் சமமாகப் பங்கிடுவார்கள். சின்னக் கூறுகளாக வெட்டி, இலைமேல் அடுக்கி, ஒரு கூறில் ஈரல் துண்டு குறைந்தால் இன்னொன்றிலிருந்து எடுத்து வைத்து, அவ்வளவு பொறுமையாகச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். தன் பங்கு வரவில்லை என்றால் அந்த ஆளின் உயிர் வருந்தும், அதனால் நோய் வரும், பழி பங்கிட்டவர்மேல்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தத் தீவுகள் சுமத்ராவிலிருந்து பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டதால் அங்குள்ள குரங்கினங்கள் உலகில் வேறெங்கும் இல்லை. பிலோவ் என்ற கிப்பன் (வாலில்லாக் குரங்கு), பன்றிவால் கொண்ட சிமகோபு, ஜோஜா, பொக்கோய் எல்லாமே அழிவின் ஆபத்தில் இருப்பவை, சிமகோபு மிக மோசமான நிலையில். அம்பும் விலக்கும் இருந்த காலத்துக் கணக்கு வேறு. ஏர் ரைபிளும் மரம் வெட்டும் கம்பெனிச் சாலைகளும் வந்த பிறகு கணக்கு வேறு. வேட்டை குறையத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் காட்டை வெட்டியவர்களை விட்டுவிட்டு வில்காரரை மட்டும் குற்றம் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

மாலதி: உமா என்பது வீடா, குலமா?

இரண்டும்தான். ஒரு குலம், அது கூடும் நீளமான வீடு, இரண்டுக்கும் அதே பெயர். கால்கள்மேல் உயர்த்திக் கட்டி, சேகோ ஓலை வேய்ந்திருப்பார்கள். வெட்டுப்படி போட்ட ஒற்றை மரத்துண்டில் ஏறினால் முன்னால் திறந்த திண்ணை, ஆண்கள் உட்கார்ந்து புகைத்தபடி பேசும் இடம். உள்ளே அடுப்பும் ஆட்டம் ஆடும் பலகைத் தளமும். சடங்கு இரவுகளில் பாம்புத்தோல் போர்த்திய மேளத்தோடு ஆண்கள் பறவை, குரங்கு போல ஆடி அந்தப் பலகையைக் காலால் உதைக்கும்போது வீடே மேளமாகிவிடும். அரசன், தலைவன் என்று யாரும் இல்லை. சடங்குக்கு ஒரு மூத்தவர் முன் நிற்பார், அவருக்கு ரிமாத்தா என்று பெயர், ஆனால் அவர் கட்டளையிட முடியாது, எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை பேச்சு ஓடும், ராத்திரி முழுக்கக்கூட ஓடும். சண்டை வந்தால் அபராதம். பன்றி, துரியன் மரம், சேகோ மரம் என்று கொடுத்துத் தீர்ப்பார்கள்.

குமரன்: சேகோ என்றால் நம் ஜவ்வரிசிதானே?

இல்லை. சேலம் பக்கம் ஆலைகளில் ஆவது மரவள்ளிக் கிழங்கு மாவில். அங்கே அது சேகோ பனையின் தண்டுக்குள் இருக்கும் மாவு. மரத்தை வெட்டிப் பிளந்து, ஆணி அடித்த பலகையால் உட்சோற்றைத் துருவி, தண்ணீர் ஊற்றி மேடையில் காலால் மிதித்தால் மாவு கரைந்து கீழே பழைய படகுத் தொட்டியில் படியும். அதை ஓலைக் குழலில் அடைத்து வைத்தால் நாள்கணக்கில் கெடாது. ஓலையிலோ மூங்கிலிலோ வைத்து நெருப்பில் சுட்டால் வெளியே கருகலாக, உள்ளே இழுவையாக இருக்கும். ஒரு மரம் ஒரு குடும்பத்துக்கு மாதக்கணக்கில் வரும். மீதித் துண்டங்களைக் கிடப்பில் போட்டால் அதில் கொழுத்த புழு வரும், அதுவும் விருந்துதான். இந்தச் சோறு இருந்ததால்தான் சடங்குக்கும் பாட்டுக்கும் அவர்களுக்கு நேரம் கிடைத்தது. நெல் விதைக்கச் சொல்லி வந்த அதிகாரிகள் இதைச் சோம்பேறித்தனம் என்று எழுதி வைத்தார்கள்.

அனிதா: உடம்பு முழுக்கப் பச்சை குத்துவது ஏன்? பெண்களும் குத்துவார்களா?

பெண்களும்தான். புகைக்கரியைக் கரும்புச் சாற்றில் குழைத்து, ஊசி பொருத்திய குச்சியை இன்னொரு குச்சியால் தட்டித் தட்டிக் குத்துவார்கள், ஒரே நாளில் முடியாது, வாழ்க்கையின் கட்டங்களாக வரும். நெஞ்சிலும் கைகாலிலும் ஓடும் கோடுகளில் சேகோ மரத்தின் உருவம் உண்டு. உயிருக்குப் பிடித்த அழகு என்பது ஒரு காரணம், இறந்தபின் முன்னோர் அடையாளம் காண வேண்டும் என்பது இன்னொன்று. அந்தக் காலத்துப் பெண்கள் பல்லைக் கூராகச் செதுக்கிக்கொண்டதும் அழகுக்குத்தான், இப்போது இளம்பெண்கள் அதைச் செய்வது அரிது. கிழங்குத் தோட்டமும் கைவலையில் மீன் பிடிப்பதும் பெண்கள் பொறுப்பு.

சுரேஷ்: அரசாங்கமே இந்த மதத்தைத் தடை செய்தது உண்மையா சார்?

உண்மை. கிறிஸ்தவ ஊழியம் அதற்கு முன்பே வந்துவிட்டது. 1901-இல் ஜெர்மன் மிஷனரி அவுகுஸ்ட் லெட் பகாய் தீவுக்கு வந்தார், 1909-இல் அவரைக் கொன்றுவிட்டார்கள், முதல் ஞானஸ்நானங்கள் 1916-இல் நடந்தன. ஆனால் பெரிய அடி விழுந்தது 1954-இல். பழைய நெறியை விட்டுவிட்டு அங்கீகரிக்கப்பட்ட மதங்களில் ஒன்றுக்கு மாறு என்று கெடு வைத்தார்கள். போலீஸ் உமாக்களுக்குள் புகுந்து சிகெரெய்களின் தலையணிகளையும் சடங்குப் பொருள்களையும் கொளுத்தியது, நீண்ட முடியை வெட்டியது, மறுத்தவர்களைச் சிறையில் வைத்தது. ஆற்றின் மேல்பகுதியில் இருந்தவர்கள் காட்டுக்குள் ஒதுங்கியதால்தான் இன்று நாம் பேச ஏதாவது மிஞ்சியிருக்கிறது.

அடுத்து வந்தது குடியமர்த்தும் திட்டம். ஆற்றங்கரையில் வரிசையாக வீடு கட்டி, குடும்பம் குடும்பமாகப் பிரித்து வைத்தார்கள். ஊருக்குள் பன்றி கூடாது என்றார்கள். இந்தக் கடைசி ஒன்றை யோசித்துப் பாருங்கள்: கல்யாணத்துக்குப் பன்றி, அபராதத்துக்குப் பன்றி, வைத்தியத்துக்குப் பன்றி, சாவுக்குப் பன்றி. பன்றியை வெளியேற்றியபோது யாரும் சடங்கைத் தடுக்கவே வேண்டியிருக்கவில்லை, அது தானாக நின்றுபோனது. இன்று பெரும்பாலோர் புராட்டஸ்டண்ட் அல்லது கத்தோலிக்கர், முஸ்லிம்களும் உண்டு. ஞாயிறு சர்ச்சுக்குப் போய்விட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சுகாதார நிலையத்து மாத்திரையும் வாங்கி, ராத்திரி சிகெரெயையும் அழைக்கும் வீடுகள் அங்கே நிறைய. நம்மில் சிலர் இதைக் குழப்பம் என்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பிரியா: போய்ப் பார்க்க முடியுமா? போவது சரிதானா?

சுமத்ராவின் மேற்குக் கரை நகரமான பாடாங்கிலிருந்து படகில் சிபெருத் தீவின் மவுரா சிபெருத், அங்கிருந்து சின்னப் படகிலும் நடையிலும் உள்ளே. வருடம் முழுக்க மழை, முழங்கால் சேறு, அதற்குமேல் போட்ட வழுக்கும் ஒற்றை மரப் பாதை. மலேரியா உண்டு, மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போங்கள். புகையிலை, சர்க்கரை மாதிரி ஏதாவது கொண்டுபோனால் வீட்டில் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடும்படி கொடுங்கள். சடங்கைக் காசு கொடுத்து ஆடச் சொல்லிக் கேட்காதீர்கள். வைத்தியம் நடக்கும்போது கேமராவை எடுக்கும்முன் அனுமதி கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வழிகாட்டியாக வெளியூர்க்காரரை விட மெந்தாவாய்க்காரரை வைத்துக்கொண்டால் பணமும் அங்கேயே நிற்கும்.

ரஃபீக் (மறுபடியும்): இன்னும் எத்தனை நாள் இதெல்லாம் இருக்கும்?

காடு இருக்கும்வரை என்பேன். 1970களிலிருந்து மரக் கம்பெனிகள் உள்ளே வந்தன. சிபெருத்தின் ஒரு பகுதி 1993-இல் தேசியப் பூங்கா ஆனது, சுமார் 1,90,500 ஹெக்டேர், ஆனால் அந்த எல்லைக்கு வெளியே வெட்டு முழுதாக நிற்கவில்லை. நல்ல செய்தியும் இருக்கிறது. 2017 நவம்பரில் இந்தோனேசிய அரசியல் சாசன நீதிமன்றம், வேறு தீவுகளின் மரபு நெறிக்காரர்கள் போட்ட வழக்கில், அடையாள அட்டையில் மரபு நம்பிக்கையையும் குறிப்பிடலாம் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் மெந்தாவாய் மாவட்டமும் உமாக்களை மரபுச் சமூகங்களாக ஏற்றுச் சட்டம் போட்டது, பிறகு சில உமாக்களுக்குக் காட்டின்மேல் உரிமையும் கிடைத்தது. பள்ளிகளில் மெந்தாவாய் பண்பாடு ஒரு பாடமாக வந்திருக்கிறது. ஆனால் இலைகளின் பெயரைப் புத்தகத்தில் படிக்கலாம், பறிக்கும்போது அதனிடம் என்ன பேசுவது என்பதை ஒரு சிகெரெயின் பின்னால் நடந்துதான் கற்க முடியும், அதற்கு வீட்டுக்குப் பக்கத்தில் காடு வேண்டும். உமாக்களின் காட்டு உரிமை மீதி ஆறுகளுக்கும் போய்ச் சேருமா என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.