அம்மோனியம் பைஃபுளோரைடு வாங்கி வீட்டிலேயே கண்ணாடி எட்சிங் செய்யலாமா?

ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, பூஜையறைக் கண்ணாடிக் கதவை ரசாயனத்தால் அரித்து நீங்களே டிசைன் போடக் கிளம்பிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். முதலில், இந்த ரசாயனம் கையில் பட்டால் தடவ வேண்டிய கால்சியம் குளுக்கோனேட் ஜெல் எந்த மருந்துக்கடையில் கிடைக்கும் என்று விசாரியுங்கள். அது கையில் இல்லாமல் அம்மோனியம் பைஃபுளோரைடு உப்பை வாங்காதீர்கள்.

கண்ணாடிக் கடையில் ஆறு வருடம் இருந்தேன். இந்த உப்பு வெள்ளை வெளேரென்று சாதுவாக இருக்கும். சல்ஃப்யூரிக் ஆசிட் கேனைக் கண்டால் ஒதுங்குகிறவர்கள்கூட இதை வெறுங்கையால் அள்ளுவார்கள். ஈரம் பட்டால் இது ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தின் வேலையைக் காட்டும். கண்ணாடியையே அரிப்பதால் பிளாஸ்டிக் டப்பாவில்தான் வரும்.

ஒருநாள் கஜலட்சுமி டிசைன். ஸ்டிக்கர் ஒட்டி, இந்த உப்பில் செய்த பேஸ்ட்டைப் பூசி, கழுவிக்கொண்டிருந்தபோது கையுறையில் ஊசிமுனை அளவு ஓட்டை. ஆள்காட்டி விரல் நனைந்தது, எரியவில்லை. சும்மா அலசிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன். இரவு 2 மணிக்கு நகத்துக்கடியில் ஆணி இறக்கியதுபோல வலி. வெளியே லேசான சிவப்பு, அவ்வளவுதான். அவசரப் பிரிவில் தீக்காயக் களிம்பு தடவி அனுப்பிவிட்டார்கள். காலையில் வேறு மருத்துவமனையில் முதலாளி உப்பின் பெயரை எழுதிக் காட்டினார். 2.5 சதவீத ஜெல்லைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள், அப்புறம்தான் வலி இறங்கியது. ஃபுளோரைடு தோலுக்குள் ஊடுருவி அங்குள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். நிறைய இடத்தில் பட்டால் ரத்தத்தில் கால்சியம் குறைந்து இதயத்துடிப்பே தடுமாறும். எனக்கு நகம் மட்டும்தான் போனது.

"இருபது வருடமாகச் செய்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று வரப்போகும் அண்ணன்களுக்கு: சந்தோஷம். நான் தொழிலைக் குறை சொல்லவில்லை. பனி படர்ந்த மாதிரி அந்த வெண்மை இந்த உப்பில் வரும், வெறும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கண்ணாடியைத் தெளிவாகத்தான் அரிக்கும். ஆனால் கையில் பட்டால் எரியாவிட்டாலும் உடனே ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, ஜெல் தடவி, டாக்டரிடம் உப்பின் பெயரைச் சொல்லுங்கள். டாய்லெட் கழுவும் ஆசிட் பக்கம் இதைக் கொண்டுபோகவே கூடாது, விஷப்புகை கிளம்பும். மிச்சக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றாமல் சுண்ணாம்பு நீரில் கலந்தால் கால்சியம் ஃபுளோரைடாக அடியில் படியும். இதையெல்லாம் வீட்டில், பிள்ளைகள் நடமாடும் இடத்தில் செய்யப்போகிறீர்களா? நானாக இருந்தால் ஸ்டிக்கரை மட்டும் வெட்டிக் கொடுத்துவிட்டு மற்றதைக் கடையில் விட்டுவிடுவேன்.

கடையில் கொடுத்தால் பேரம் பேசாதீர்கள். அந்தக் கஜலட்சுமிக்காரர் கதவை எடுக்க வந்தபோது என் விரலில் கட்டு. "யானைத் தும்பிக்கை கொஞ்சம் மங்கலா இருக்கே" என்று 500 ரூபாய் குறைத்துக் கொடுத்தார்.