வீட்டுப் பத்திரத்தை வைத்து அந்த சீட் வேண்டாம்

அல்சூரிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

தைரியம் சொல்லத்தான் ஆரம்பித்தேன். ஆனால் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்க வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்களே, அதைச் செய்யாதீர்கள். பெங்களூரில் இருந்துகொண்டு வேறு படிப்பா என்று கேட்கும் உங்கள் அண்ணனா வட்டி கட்டப் போகிறார்?

குமரகம் போன இடத்தில் விடுதிக்குக் காய்கறி கொண்டுவந்த பெண்களோடு மகள் அரை நாள் பேசிக்கொண்டிருந்தாள் என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். அவள் விசாரித்தது ஒரு தொழிலை அம்மா: சுற்றுலா வருமானம் உள்ளூர் மக்களுக்கும் போய்ச் சேர ஏற்பாடு செய்கிற தொழில். அங்கே கேரள சுற்றுலாத் துறை விடுதிக்காரர்களை உட்காரவைத்துப் பேசி, உள்ளூரிலேயே வாங்கச் சம்மதிக்க வைத்தது. குடும்பஸ்ரீ என்ற கேரள அரசுத் திட்டத்தின் சுயஉதவிக் குழுப் பெண்கள் தரிசு நிலத்தில் பயிர் வைத்தார்கள். விலை பேச ஒரு குழு, தரம் பார்க்க ஒரு குழு. எந்த விடுதிக்கு எந்த நாளில் எத்தனை கிலோ, பணம் தாமதமானால் யார் போய்க் கேட்பது, மழையில் கீரை அழுகினால் நஷ்டம் யாருக்கு என்று இத்தனைக்கும் ஆள் வேண்டும். வீடுகளில் விருந்தினரைத் தங்கவைக்கும் ஊர்களில் இன்னும் வேலை உண்டு: எந்த வீட்டுக்கு இந்த முறை, ஊர்ப் பொதுநிதிக்கு எவ்வளவு, கோடையில் கிணறு எத்தனை பேரைத் தாங்கும், குப்பை எங்கே போகும். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றும் பேசி, மனிதர்களிடம் சலிக்காமல் கேட்கத் தெரிந்த பெண்ணுக்கு இது பொருந்துகிற வேலை.

படிப்புக்கு ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. சமூக அறிவியல் எடுக்கட்டும். பெங்களூரிலேயே அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகிறார்கள். அதற்கு முதலில் விண்ணப்பியுங்கள். பட்டம் முடித்த பிறகு குஜராத் ஆனந்தில் 1979-ல் தொடங்கிய ஊரக மேலாண்மை நிறுவனம் இருக்கிறது. அங்கே கட்டணம் அதிகம்தான். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம், இப்போதே கடன் வேண்டாம்.

ஆரம்பச் சம்பளம் ஐ.டி. அளவுக்கு வராது, மறைக்க மாட்டேன். ஆனால் கணக்கைப் பார்த்தாலே நடுங்குகிற பெண்ணை நான்கு வருடம் அதிலேயே உட்காரவைத்து, அரியர் மேல் அரியராகச் சேர்ந்தால் ஐ.டி. சம்பளம் மட்டும் எங்கிருந்து வரும்?

சரி, முடிவெடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஹம்பிக்கு எதிர்க்கரையில் ஆனேகுந்தி இருக்கிறது. பழைய ஊர் வீடுகளில் தங்கலாம், பெண்கள் வாழைநாரில் பை முடைவதைப் பார்க்கலாம். நாலு நாள் கூட்டிப் போங்கள். வெயில், கொசு, பவர்கட் எல்லாம் பார்த்த பிறகும் அவளுக்குப் பிடித்திருந்தால், என்னைப் பார்க்க அவளை மட்டும் அழைத்து வாருங்கள். அண்ணன் வர வேண்டாம்.