தீவுல எரியுற கேஸை நம்ம அடுப்புக்கு விடக்கூடாதா?

கேள்வி: நைட்டு சாப்பிட்டுட்டு சிங்கப்பூர் வெஸ்ட் கோஸ்ட் பார்க்ல நடக்கறப்போ கடலுக்கு அந்தப் பக்கம் தீவுல உசரமான குழாய் உச்சில நெருப்பு தெரியுது. சில நாள் பெருசா, சில நாள் சின்னதா. நாங்க மாசா மாசம் கேஸ் பில் கட்டறோம், அங்க என்னடான்னா சும்மா எரிச்சு விடறாங்க. பிடிச்சு பைப்ல விட்டா என்ன? (கிளமெண்டி வாசகி)

பதில்: கடுப்பு நியாயம்தான்க்கா. ஆனா சின்னதா எரியுற அந்தச் சுடரை மட்டும் அணைக்கவே மாட்டாங்க, அது பைலட். அங்க இருக்குற எண்ணெய் ரிஃபைனரில திடீர்னு பிரஷர் ஏறி சேஃப்டி வால்வு திறந்தா வர்ற கேஸ் பத்திக்க அது தயாரா இருக்கணும். எரிக்காம விட்டா இன்னும் மோசம், அதுல இருக்குற மீத்தேன் 100 வருஷக் கணக்குல கார்பன் டை ஆக்சைடை விட கிட்டத்தட்ட 28 மடங்கு சூடேத்தும்.

பிடிக்கிறதும் நடக்குது. தே பெங் (ஐஸ் டீ) ஸ்ட்ராவைத் தண்ணில விட்டு மெதுவா ஊதிப் பாருங்க, லேசா ஊதினா குமிழியே வராது, அழுத்தி ஊதினாதான் பொத்துக்கிட்டு வரும். ஃப்ளேருக்கு, அதாவது நீங்க பாக்குற அந்த நெருப்புக் குழாய்க்கு, போற வழியில இதே மாதிரி ஒரு டிரம்ல தண்ணி நிக்கும், வாட்டர் சீல்னு சொல்வோம். அன்றாடம் வால்வுல கசியுற கேஸால அந்தத் தண்ணியைத் தாண்ட முடியாது, அதுக்கு முன்னாடியே கம்ப்ரசர் உறிஞ்சிடும். பெரிய அளவுல வந்தா தண்ணியைத் தள்ளிட்டு நேரா மேல போயிடும், அதைத் தடுக்கவும் கூடாது. நீங்க பெருசா பாக்குற நாள் அதுதான். நான் நைட் ஷிஃப்ட் பாத்த காலத்துல அந்தத் தண்ணி லெவலைத்தான் அடிக்கடி போய் எட்டிப் பாப்பேன், அது குறைஞ்சா கம்ப்ரசருக்குப் போக வேண்டியது ஃப்ளேருக்குப் போயிடும்.

உறிஞ்சின கேஸ்ல அழுகின முட்டை நாத்தம் அடிக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும், விஷம். அமீன் கரைசல்ல கழுவி எடுத்துட்டு ரிஃபைனரியோட சொந்த ஃபர்னஸ்லயே எரிச்சுடுவாங்க, கச்சா எண்ணெயைச் சூடாக்க. அந்த அளவுக்கு வெளியில எரிபொருள் வாங்க வேணாம். உங்க அடுப்புக்கு ஏன் வராதுன்னா, இன்னிக்கு ஹைட்ரஜன் கூட, நாளைக்கு நைட்ரஜன் கூடன்னு கலவை மாறிட்டே இருக்கும், அடுப்புக்கு ஒரே மாதிரி கேஸ் வேணும்.

சும்மா எரிக்கிறது இப்போ கம்பெனிக்கும் வலிக்கும்க்கா. வெளியேத்துற கார்பன் டை ஆக்சைடுக்கு கட்டற கார்பன் வரி 2019ல டன்னுக்கு 5 வெள்ளி, 2024ல 25, 2026ல 45.