மண்ணில் தெரியும் ஸ்மாஷ்: வாலிபால் கேள்வி–பதில்

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். உயரம் 5 அடி 8 அங்குலம், வலது கைக்காரன். லிஃப்ட் (அடிப்பதற்காக லிஃப்டர் உயரத் தூக்கிக் கொடுக்கும் பந்து) நன்றாக வந்தாலும் நான் அடிக்கும் ஸ்மாஷில் பாதி நெட்டில் விழுகிறது. மீதிக்கு நானே நெட்டைத் தொட்டுவிடுகிறேன். தனியாகப் பழக வழி இருக்கிறதா, சார்?
– வாசகர், வலங்கைமான்

பதில்: இருக்கிறது தம்பி. நீ சொல்லும் இரண்டுக்கும் காரணம் ஒன்றாகத்தான் இருக்கும்: பந்து லிஃப்டர் கையை விடுவதற்கு முன்பே ஓடிவிடுகிறாய். முந்திக் குதித்தால், பந்து வரும்போது நீ இறங்கிக்கொண்டிருப்பாய், அடி தாழ்ந்துபோகும். ஓடிய வேகத்தைப் பிடித்து நிறுத்தாமல் குதித்தால் உடம்பு மேலே போகாமல் நெட்டுக்குள் போகும். அதனால் காலை முதலில் சரிசெய்.

சம்பா அறுவடை முடிந்து, ஈரம் முக்கால்வாசி காய்ந்த வயல் இதற்கு அருமையான இடம். மன்னார்குடிப் பக்கம் நாங்கள் மாசி முழுக்க அப்படித்தான் பழகினோம். பந்தே வேண்டாம். இடது, வலது, இடது என்று மூன்று எட்டு. முதல் எட்டு சின்னது, நிதானம். இரண்டாவது நீளம், வலது குதிகால் முதலில் பதியவேண்டும், அந்நேரம் இரண்டு கையும் பின்னால் போயிருக்கவேண்டும். சட்டென்று இடது காலை அதற்குச் சற்று முன்னால் ஊன்றி, கைகளை மேலே வீசி எழும்பு. ‘தீம்… தக’ என்று வாயால் சொல்லிக்கொண்டே செய். என்னிடம் பழகிய தவில்காரர் வீட்டுப் பையன் ஒருவன் ஒரே சாயங்காலத்தில் இதைப் பிடித்துக்கொண்டான்.

இறங்கியதும் குனிந்து மண்ணைப் பார். எழும்பிய இடத்தில் குதிகால் தடம் ஆழமாக இருந்தால் ஓட்டத்தை நன்றாக நிறுத்தியிருக்கிறாய். விரல் தடம் மட்டும் தெரிந்தால் ஓட்டம் நிற்கவில்லை. இறங்கிய தடம் இரண்டு பாதம் முன்னால் இருந்தால் பரவாயில்லை. நான்கு பாதம் என்றால், கோர்ட்டில் அந்த இடத்தில் நெட் இருக்கும். இடது கால் மட்டும் அழுந்தியிருக்கிறதா என்றும் பார். ஒற்றைக் காலில் இறங்கி இறங்கியே முட்டியைக் கெடுத்துக்கொண்டவர்கள் பலர். பங்குனியில் களிமண் வெடித்த பிறகு அந்த வயலில் குதிக்காதே. வெடிப்பில் மாட்டினால் கணுக்கால் போய்விடும்.

அப்புறம், நேரம் பிடிப்பது. நண்பன் ஒருவனை நெட் ஓரமாகப் பந்தை உயர எறியச் சொல். அடிக்காதே. குதித்து, உச்சியில் இரண்டு கையாலும் பிடி. பந்து தலைக்கு நேராகவோ பின்னாலோ போகாமல், நெற்றிக்குச் சற்று முன்னால் இருக்கவேண்டும். முழங்கை மடங்கிய பிடியைக் கணக்கில் சேர்க்காதே. நேரான பிடி 20 வந்த பிறகு அடி.

கைக்குச் சுவர் போதும். 4 மீட்டர் தள்ளி நின்று, சுவருக்கு முன்னால் தரையில் படும்படி அடி. பந்து சுவரில் பட்டு உன்னிடமே திரும்பும். விரல்களை விரித்து, முழங்கையை உயர்த்தி, கடைசியில் மணிக்கட்டை மடக்கு. முழு உள்ளங்கையும் பட்டால் ‘பட்’டென்று கனமான சத்தம் வரும். ‘சப்’பென்று கேட்டால் விரல்தான் பட்டிருக்கிறது. ஒருநாளைக்கு 40 அடிக்கு மேல் வேண்டாம். உன் வயதில் நான் நூறு, இருநூறு என்று அடித்துத் தோள் வீங்கி, ஒரு பொங்கல் டோர்னமென்ட் முழுவதும் கரையில் உட்கார்ந்திருந்தேன்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கும் இதே பயிற்சிதானா?
– வாசகி, நன்னிலம்

பதில்: இதேதான் அம்மா. நெட் உயரத்தை மட்டும் கவனியுங்கள். ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. ஊர்க் கோர்ட்டில் பையன்களுக்குக் கட்டியதை அப்படியே விட்டிருப்பார்கள். அதில் பழகினால் பந்தைத் தாண்டவைப்பதற்காகவே கையைப் பின்னால் சாய்த்து அடிக்கும் பழக்கம் வந்துவிடும், பிறகு மாற்றுவது கடினம். தயங்காமல் இறக்கிக் கட்டச் சொல்லுங்கள். அளவைக் கம்பத்தில் எடுக்காமல், கோர்ட்டின் நடுவில் நெட்டின் மேல் விளிம்பில் எடுக்கவேண்டும்.