பூட்டனைத் தேடக் காணியைத் தேடுங்கள்

கேள்வி: அப்பா 1956இல் முள்ளியவளையில் பிறந்தவர். அப்பப்பாவும் அவருடைய தகப்பனும் அந்தப் பக்கத்து ஆட்கள்தான். நாங்கள் வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியன் வழி என்று அப்பம்மா சொல்லுவா. அவ இப்போது இல்லை. அவவின் தங்கச்சி ஒருவர் மட்டும் புதுக்குடியிருப்பில் இருக்கிறார். அம்மாவின் ஆட்கள் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து விசுவமடுவில் இருந்தவர்கள். உறுதி, பத்திரம் ஒன்றும் 2009க்குப் பிறகு மிஞ்சவில்லை. கனடாவில் இருக்கும் மச்சான் டிஎன்ஏ சோதனை செய்திருக்கிறார். 'தென்னிந்தியா, இலங்கை' என்று முடிவு வந்ததாம். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் பூட்டனின் பெயரை எடுக்கலாம் என்றும் சொல்கிறார். நான் எங்கே தொடங்குவது?
– வாசகி, முல்லைத்தீவு

பதில்: மச்சான் சொன்ன இரண்டையும் இப்போதைக்கு ஒரு பக்கம் வையுங்கள். கந்தோர் வேலையில் முதலாவதாக அப்பாவின் பிறப்புப் பதிவின் முழுப் பிரதியை எடுங்கள். நீங்கள் தேடுகிற பூட்டன் அநேகமாக அந்த ஒற்றைத் தாளிலேயே இருக்கிறார்.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் ஒருவரின் தகப்பன், பேரன் (அதாவது அப்பப்பா), பூட்டன் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டது. மலையக மக்களை நாடற்றவர்களாக்கியதும் அந்தக் கேள்விதான். அதே கேள்வி பிறப்புப் பதிவுப் படிவத்திலும் ஏறியது. தகப்பனின் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடத்துக்குக் கீழே, பிள்ளையின் பேரனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய முழுப் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் எழுதத் தனிக் கூடு உண்டு. அப்பாவுக்குப் பேரனார் என்றால் உங்களுக்குப் பூட்டன். ஆனால் அந்த ஆண்டை அப்படியே நம்பிவிடாதீர்கள். பதிய வந்தவர் வாய்க்கு வந்ததைச் சொல்ல, பதிவாளர் எழுதியிருப்பார். பெரியப்பா, மாமி, சித்தப்பா எல்லாருடைய பிரதிகளையும் எடுத்து அந்தக் கூட்டை ஒப்பிடுங்கள். ஒன்றில் 1890, இன்னொன்றில் 1896 என்று வந்தால் பதற வேண்டாம். ஊர்ப் பெயர் மாறினால்தான் நின்று பார்க்க வேண்டும். 'பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா' என்ற கூட்டில் 'இல்லை' என்று இருந்தாலும் மனம் வருந்த வேண்டாம். தாலி கட்டி ஊரறிய நடந்த பழைய கலியாணங்கள் பல பதியப்படவேயில்லை. எழுத்தில் 'இல்லை' என்று வந்தது அதனால்தான்.

பிரதியை எங்கே கேட்பது என்பதில்தான் பலர் அலைகிறார்கள். முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல். அதற்கு முன் முள்ளியவளை வவுனியா மாவட்டத்தில் இருந்தது. கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டம். இன்றைய மாவட்டப் பெயரை எழுதிக் கொடுத்தால், 'பதிவு இல்லை' என்ற பதில் வரும், அந்தப் பதிவு பக்கத்து மாவட்டத்து இடாப்பில் கிடக்கும். 1960க்குப் பிந்திய பதிவுகளில் பல கணினியில் ஏற்றப்பட்டுவிட்டதால் அவற்றை எந்தப் பிரதேச செயலகத்திலும் கேட்கலாம். அப்பாவின் பதிவு அதற்கு முந்தியது. எனவே முதலில் வவுனியாவில் கேளுங்கள். அங்கே கிழிந்தோ அழிந்தோ போயிருந்தால் கொழும்பு மாளிகாவத்தையில் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் மத்திய பதிவறையில் மறுபிரதியைத் தேடச் சொல்லி விண்ணப்பியுங்கள். பதிவு இலக்கம் தெரியாவிட்டால் ஒரு விண்ணப்பத்துக்கு இரண்டு வருட இடைவெளிக்குள்தான் தேடித் தருவார்கள். அதனால் '1956 அல்லது 57' என்ற அளவுக்காவது திகதியைச் சுருக்கிக்கொண்டு போங்கள். வீட்டில் யாரிடமாவது உத்தேச வயதுச் சான்றிதழ் இருந்தால் அதை ஆதாரமாக எடுக்காதீர்கள். பெயரே சொல்வதுபோல அது மதிப்பிட்ட வயது.

அடுத்தது இறப்புப் பதிவு. பிறப்புப் பத்திரம் ஆண்வழியைத்தான் கேட்கும், பூட்டியின் பெயர் அதில் வராது. இறப்புப் பதிவில் இறந்தவரின் தாய், தகப்பன் இருவர் பெயரும் உண்டு. அப்பப்பாவின் பதிவு கிடைக்காவிட்டால் அவருடைய அண்ணன், தம்பி, அக்கா யாருடையதாவது எடுங்கள். பிறப்பு, இறப்புப் பதிவு கட்டாயமானது 1897இல். அதற்கு முன் பிறந்தவர் அதற்குப் பின் இறந்திருந்தால், அவருடைய பெற்றோரின் பெயர் இந்த வழியில் கையில் வரும்.

இனிப் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயர்தான் முன்னுக்கு நிற்கும். ஆகவே ஒற்றைப் பெயரைத் தேடாமல் சோடியாகத் தேடுங்கள்: 'சின்னத்தம்பி கந்தையா' என்றால் சின்னத்தம்பியின் மகன் கந்தையா. பேரன் என்ற சொல்லே பேர் கொண்டவன் என்பதிலிருந்து வந்தது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் சின்னத்தம்பி கந்தையா, கந்தையா சின்னத்தம்பி, மறுபடியும் சின்னத்தம்பி கந்தையா என்று பெயர் சுழன்று வரும். முதலாவது கந்தையாவையும் மூன்றாவது கந்தையாவையும் ஒரே ஆள் என்று எடுத்துவிட்டால் இரண்டு தலைமுறை காணாமல் போய்விடும். வன்னியில் வம்சாவளி எழுதுகிறவர்கள் விடும் பிழைகளில் இதுதான் முதலாவது. மனைவி பெயரையும் காணியின் பெயரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எந்தக் கந்தையா என்று பிரியும்.

காணிதான் உங்களுக்கு உண்மையில் வழிகாட்டும். வன்னியில் குடும்பம் எழுத்தில் நிற்பது காணிக் கடதாசியில். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சியோடு உறுதியாக எழுதப்பட்டால்தான் செல்லும். அந்த உறுதியின் ஒரு பிரதி நொத்தாரிசிடம் இருக்கும், மறுபிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். உங்கள் வீட்டுப் பிரதி புதுமாத்தளனில் போயிருக்கலாம், பதிவகத்துப் பிரதி போயிருக்க வேண்டியதில்லை. பதிவகத்தில் ஆள் பெயரைச் சொன்னால் கையை விரிப்பார்கள். ஊர், காணியின் பெயர், தெரிந்தால் நொத்தாரிசின் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்று சொல்லுங்கள். காணிக்குரிய இதழ், அதாவது பதிவேட்டில் அந்தக் காணிக்கான பக்கம், ஒன்று கிடைத்துவிட்டால், அதிலிருந்து முந்திய இதழுக்கும் அதற்கு முந்தியதற்கும் பின்னோக்கிப் போகலாம். இங்கும் பழைய மாவட்ட எல்லையை மறக்காதீர்கள்: வவுனியா, யாழ்ப்பாணம், மன்னார் மூன்றும் பார்க்க வேண்டி வரலாம்.

உறுதி கையில் வந்தால் எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். எல்லை வரியை வாசியுங்கள். 'கிழக்கு ஒழுங்கை, வடக்கு சின்னத்தம்பி மகள் வள்ளிப்பிள்ளையும் பங்காளரும், மேற்கு குளக்கட்டு, தெற்கு கந்தையா பெண்சாதி தெய்வானை' என்ற மாதிரி ஒரு வரி வரும். ஒரு காணி பிள்ளைகளுக்குப் பிரிந்தால் எல்லைக்காரர் அநேகமாகச் சகோதரங்கள். உங்கள் காணியின் உறுதி கிடைக்காவிட்டால் பக்கத்துக் காணிக்காரரின் உறுதியை ஒருக்கால் பார்க்கக் கேளுங்கள், அதில் எல்லையாக உங்கள் பூட்டன் நிற்பார். அடுத்து, காணி எப்படி வந்தது என்று சொல்லும் சொல்லைக் கவனியுங்கள். வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் முதுசம் என்றால் பரம்பரையாக வந்தது, சீதனம் என்றால் பெண்ணோடு வந்தது, தேடியதேட்டம் என்றால் கலியாணத்துக்குப் பிறகு சம்பாதித்தது. சீதன உறுதி கிடைத்தால் அது பொக்கிஷம். தாய், தகப்பன், மகள், மருமகன் நாலு பேரும் ஒரே தாளில் இருப்பார்கள்.

உறுதிக் காணி இல்லாமல் குடியேற்றத் திட்டக் காணி என்றால் பிரதேச செயலகத்துக் காணிப் பிரிவுக்குப் போங்கள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளரின் பெயரும் உறவுமுறையும் பதியப்படும். காணிப் பேரேட்டையும் கோவையையும் பார்க்கக் கேளுங்கள். காணி கொடுக்க ஆட்களைத் தெரிவு செய்யும் காணிக் கச்சேரிக் காலத்துக் கடதாசிகளில் சொந்த ஊர், பிள்ளைகளின் எண்ணிக்கை போன்ற விவரமும் கிடைக்கலாம். வாய்மொழியாகக் கேட்டுப் பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும்.

நீதிமன்றப் பதிவுகளில் இரண்டு வகை உதவும்: பாகப்பிரிவினை வழக்கும், இறந்தவரின் சொத்தை உரியவர்களிடம் சேர்க்கும் மரணசாசன வழக்கும். பாகப்பிரிவினை வழக்கில் ஆதிச் சொந்தக்காரரிலிருந்து இன்றைய பங்காளர் வரை வம்சாவளிப் படமே கோவையில் இருக்கும். அதைக் கண்டவுடன் எல்லாம் முடிந்தது என்று எண்ணாதீர்கள். அது பங்குக்காக வரைந்த படம். பழைய தேசவழமைப்படி சீதனம் வாங்கிப்போன மகளுக்குத் தாய் தகப்பன் சொத்தில் பிறகு பங்கில்லை, ஆகவே அவளைப் படத்தில் போட வேண்டிய தேவையும் இல்லை. பிள்ளையில்லாமல் இறந்தவரும் விடுபடுவார். எதிராளி வேறொரு படம் போட்டிருந்தால் இரண்டையும் தீர்ப்பையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். கோயில் முகாமைத்துவ வழக்குகளிலும் இப்படிப் படம் வரும். வற்றாப்பளைப் பொங்கலில் பரம்பரைத் தொண்டு உள்ள குடும்பம் என்றால் அந்தத் தொண்டு யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கோயிலடியில் கேளுங்கள்.

அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் கல்வெட்டு என்ற நினைவுச் சிறுநூல்களையும் விடாதீர்கள். பின்பக்கத்தில் வம்சாவளி போடும் நல்ல வழக்கம் நம்மிடம் உண்டு. நூலகம் எண்ணிம நூலகத்தில் நினைவு மலர்கள் பல இலவசமாக வாசிக்கக் கிடக்கின்றன. பழைய பத்திரிகை மரண அறிவித்தலில் 'காலஞ்சென்றவர்களான இன்னார் தம்பதியரின் கனிஷ்ட புத்திரியும்' என்று தொடங்கும் ஒரு நீண்ட வசனம் இரண்டு மூன்று குடும்பங்களை இணைத்துவிடும்.

குடிசன மதிப்பீடு பற்றி மச்சானுக்கு இதைச் சொல்லுங்கள். இலங்கையில் 1871 முதல் எண்ணினார்கள், ஆனால் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ போல வீட்டுக்கு வீடு பெயர் எழுதிய தாள்களைப் பொதுமக்கள் பார்க்க முடியாது. அச்சில் இருப்பவை தொகைகள். 1911இலும் பூட்டன் ஓர் எண்தான். ஆனாலும் பயன் உண்டு. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைநூலையும் பழைய கிராமவாரித் தொகைகளையும் வைத்து, பத்திரத்தில் வரும் ஊர் அந்தக் காலத்தில் இருந்ததா, எத்தனை பேர் இருந்தார்கள், எந்தப் பற்றுக்குள் (பழைய நிர்வாகப் பிரிவு) வந்தது என்று பார்க்கலாம். ஆங்கிலப் பதிவில் 'மரிரைம் பற்று' என்று இருந்தால் அது நம் கரைதுறைப்பற்று.

டிஎன்ஏ முடிவில் வரும் நாட்டு வீதம் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாது. வன்னியா யாழ்ப்பாணமா என்று அது பிரிக்காது, சாதியையும் சொல்லாது. பயன் தருவது உறவுப் பொருத்தப் பட்டியல். இருவருக்கும் பொதுவான டிஎன்ஏ எவ்வளவு என்பது அதில் சென்டிமோர்கன் என்ற அளவில் வரும். தாய்க்கும் பிள்ளைக்கும் சுமார் 3,400, நேர் மச்சான் மச்சாளுக்குச் சுமார் 850, அவர்களின் பிள்ளைகளுக்கிடையில் சுமார் 230. இந்தக் கணக்கு அந்நியத்தில் மணம் செய்யும் சமூகத்துக்குச் சரி. நாங்கள் மாமன் மகளையும் மாமி மகனையும் கட்டுகிற ஆட்கள். நேர் மச்சானும் மச்சாளும் கலியாணம் செய்தால் அவர்களின் பிள்ளைக்கு எட்டுக்குப் பதிலாக ஆறு பூட்டன் பூட்டிகள்தான். ஆகவே தூரத்துச் சொந்தமும் கிட்டத்துச் சொந்தம் போலக் காட்டும். மொத்தத்தை விட ஆக நீளமான ஒற்றைத் துண்டைப் பாருங்கள். சின்னச் சின்னத் துண்டுகளாக நிறைய இருந்தால் அது பழைய உள்ளுறவு. இன்னொருவரைச் சோதிக்க வசதி இருந்தால் இளையவர்களை விட்டு, குடும்பத்தில் ஆக மூத்தவரைச் சோதியுங்கள். பூட்டனின் கூறு உங்களிடம் எட்டில் ஒன்று, அப்பாவிடம் நாலில் ஒன்று. அவருடைய சம்மதம் கட்டாயம். யாரும் எதிர்பாராத தகப்பன் பெயர் வெளியே வரலாம் என்பதையும் முதலே சொல்லிவிடுங்கள். தரவைக் கொடுக்கும் கம்பனியையும் யோசித்துத் தெரியுங்கள். 23அண்ட்மீ என்ற சோதனைக் கம்பனியிலிருந்து 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் களவு போனது, 2025இல் அது வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது.

பண்டாரவன்னியன் வழி என்பதை நிறுவ, தகப்பன் மகனுக்குக் கொடுக்கும் ஒய் நிறமூர்த்தத்தை ஒப்பிட வேண்டும். அது பெண்களிடம் இல்லை, உங்கள் சகோதரனோ சித்தப்பாவோ வேண்டும். அதைவிட முக்கியம், அவரின் ஆண்வழி வாரிசு என்று ஐயமற நிறுவப்பட்ட ஒருவரின் மாதிரி. அது இல்லாமல் எந்தச் சோதனையும் இதைச் சொல்லாது. அவர் கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்டது 1803இல். அதற்கும் உங்கள் பூட்டனுக்கும் இடையில் மூன்று நான்கு தலைமுறை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் வேண்டும். அதுவரை அப்பம்மாவின் சொல்லை அப்பம்மாவின் சொல் என்றே எழுதி வையுங்கள், அழித்துவிடவும் வேண்டாம்.

அம்மாவின் பக்கத்துக்கு வழி வேறு: தோட்டத்தின் பெயர், கங்காணியின் பெயர், 1949ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழான சான்றிதழின் இலக்கம். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியா போன சொந்தங்களின் கடவுச்சீட்டில் தமிழ்நாட்டு ஊரும் தாலுகாவும் இருக்கலாம். கங்காணிமார் தங்கள் ஊரிலிருந்தே ஆட்களைச் சேர்த்ததால், ஒரே லயத்துக் குடும்பங்களின் ஊரும் ஒன்றாக இருக்கக்கூடும்.

புதுக்குடியிருப்பில் இருக்கும் அப்பம்மாவின் தங்கச்சியிடம் இந்தக் கிழமையே போங்கள். கந்தோர்கள் அடுத்த மாதமும் இருக்கும். போனில் பதிவு செய்யுங்கள். 'உங்கள் வம்சம் என்ன' என்று கேட்டால் அவவுக்கு ஒன்றும் வராது. அப்பப்பாவின் தகப்பனுக்குக் கொள்ளி வைத்தது யார், நெய்ப்பந்தம் பிடித்த பேரப்பிள்ளைகள் யார் யார், வயல் எந்தக் குளத்துக்குக் கீழே, அக்காவுக்குச் சீதனமாகக் கொடுத்த காணிக்கு என்ன பெயர் என்று கேளுங்கள். அந்தக் காணிப் பெயரோடுதான் நீங்கள் பதிவகத்து வாசலில் நிற்க வேண்டும்.